சேய்ப்பணி காட்டிய தாய்ப்பணி

தமிழ்த்துறைச் சிறப்பு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று நான் பயின்ற துறையிலிருந்து அழைப்பு வந்தபோது முதலில் தயங்கினேன். இலக்கிய ஆய்வு என்று சொல்லிக்கொள்ளத்தக்க எதுவும் என் கையில் இல்லை. 1989ஆம் ஆண்டில் இளங்கலைத் தமிழ் முடித்து இக்கல்லூரியை விட்டுச் சென்ற நான், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்கூடங்களில், எந்தப் பணி முடிந்தது, எந்தப் பணி முடியவில்லை என்று கணக்கெழுதிப் பிழைத்து வருபவன். அத்தகையவன் தமிழ் மலரில் எதை எழுதுவது? எண்ணிப் பார்த்தபோது ஓர் இரவு நினைவுக்கு வந்தது. வகுப்பறையில் கற்ற ஓர் இலக்கணப் பாடமும், என் தந்தையாரிடம் கண்ட ஒரு பழக்கமும், கணிப்பொறியில் நான் செய்த ஒரு பிழையும் அந்த இரவில் ஒன்றுகூடின. அதனையே இங்கு எழுத முற்படுகிறேன்.

முதலில் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலாமாண்டில் நன்னூல் நடத்திய பேராசிரியர் ஒருநாள் கரும்பலகையில் 'வந்தனன்' என்று எழுதி, 'இதன் பகுதி எது?' என்று கேட்டார். 'வந்து' என்றான் ஒருவன். 'வந்த' என்றான் மற்றொருவன். பேராசிரியர் சிரித்துவிட்டு, வா, த், த், அன், அன் என்று பிரித்துக் காட்டினார். முதலில் நிற்கும் 'வா' குறுகி 'வ' ஆயிற்று. அடுத்து வந்த 'த்' மெலிந்து 'ந்' ஆயிற்று. இவை இரண்டும் விகாரம் என்றார். பிறகு அவர் சொன்ன ஒன்று இன்றும் என் காதில் ஒலிக்கிறது. 'வா என்பதிலிருந்து வந்தனன், வருவான், வாரான் என்று ஆக்கிக்கொண்டே போவது எளிது. வந்தனன் என்பதைக் கையில் கொடுத்து, இது எதிலிருந்து பிறந்தது என்று கேட்டால்தான் இலக்கணம் தெரிந்தவன் யார் என்று விளங்கும்' என்றார். பவணந்தியார் பகுபத உறுப்புகளை வகுத்துத் தந்தது இந்தத் திரும்பிச் செல்லும் வழிக்காகவும்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அகராதியைப் புரட்டுகிறவனுக்கும் இதே நிலைதான். அவன் கையில் இருப்பது 'வந்தனன்'. அகராதியில் இருப்பதோ 'வா'.

அடுத்தது என் தந்தையாரின் பழக்கம். எங்கள் வீடு இராயபுரத்தில், 1856இல் திறக்கப்பெற்ற பழைய இரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. தந்தையார் மண்ணடியில் இருந்த ஒரு சரக்குத் தீர்வை முகவரிடம் டாலி கிளார்க்காகப் பணியாற்றினார். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டை, பொதி, பெட்டி ஆகியவற்றை எண்ணிக் குறித்துக்கொள்வது அவருடைய வேலை. ஒவ்வொரு மூட்டையின் மேலும் அதனை வரவழைத்த வணிகரின் அடையாளம் ஒன்று மையால் எழுதப்பட்டிருக்கும். அதனை 'மார்க்கா' என்பார்கள்.

துறைமுகத்தில் மற்றவர்களெல்லாம் ஒரே குறிப்பேடு வைத்திருந்தார்கள். மேலே கப்பலின் பெயர், அதன்கீழ் அறை எண், அதன்கீழ் மூட்டைகள் என்று அதில் எழுதிக்கொண்டு போவார்கள். தந்தையார் மட்டும் இரண்டு வைத்திருந்தார். பகலில் முதல் ஏட்டை மற்றவர்களைப் போலவே எழுதுவார். இரவு உணவுக்குப் பின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இரண்டாம் ஏட்டை எழுதுவார். அதில் மார்க்காக்கள் அகர வரிசையில் இருக்கும்; ஒவ்வொன்றுக்கும் நேரே கப்பலின் பெயரும் முதல் ஏட்டின் பக்க எண்ணும் இருக்கும். 'ஒரே கணக்கை ஏன் இரண்டு முறை எழுதுகிறீர்கள்?' என்று அம்மா கேட்பார். நானும் ஒருநாள் கேட்டேன். அவர் சொன்ன விடை இது: 'கப்பல் எதுன்னு தெரிஞ்சவன் என்கிட்ட வரமாட்டான்பா. மூட்டையத் தொலைச்சவன்தான் வருவான். அவனுக்குக் கப்பல் பேரே தெரியாது.'

அதன் பொருளை ஒரு விடுமுறை நாளில் நேரில் கண்டேன். வணிகர் ஒருவர் கிழிந்த கோணித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தையார் முன் வைத்தார். அதில் பாதி அழிந்த ஒரு மார்க்கா இருந்தது. சரக்குக் குறைந்துவிட்டது, எந்தக் கப்பலில் வந்தது என்று தெரிந்தால்தான் உரிமை கோர முடியும். தந்தையார் இரண்டாம் ஏட்டைத் திறந்து ஒரு நிமிடத்தில் கப்பலின் பெயரைச் சொன்னார். முதல் ஏடு மட்டும் இருந்திருந்தால் அந்தத் திங்களில் வந்த கப்பல்கள் அனைத்தின் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்க வேண்டும்.

1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் தொடங்கியது. மூட்டைகள் பெட்டகங்களுக்குள் மறைந்தன. ஆனால் தந்தையாரின் கேள்வி மறையவில்லை. பல வணிகர்களின் சிறு சரக்குகளை ஒரே பெட்டகத்தில் சேர்த்து அனுப்பும்போது, முழுப் பெட்டகத்துக்கும் கப்பல் நிறுவனம் தரும் சீட்டு ஒன்று. அதனை மாஸ்டர் பில் என்பர். ஒவ்வொரு வணிகருக்கும் சேர்ப்பு முகவர் தரும் சீட்டு வேறொன்று. அது ஹவுஸ் பில். வணிகரின் கையில் இருப்பது பின்னதுதான். அதைக் கொண்டு முன்னதைக் கண்டால்தான் அவருடைய சரக்கு எந்தப் பெட்டகத்தில் கிடக்கிறது என்று விளங்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன். பட்டம் பெற்றபின் ஆசிரியர் பணிக்குக் காத்திருந்த காலத்தில், எண்ணூரில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் நேரக் காப்பாளனாகச் சேர்ந்தேன். தற்காலிகமாகச் சேர்ந்த வேலையே நிலைத்துவிட்டது. மாலையில் தட்டச்சும், பிறகு கணிப்பொறியும் கற்றுக்கொண்டு பணித்திட்டப் பிரிவுக்கு மாறினேன். எங்கள் தொழில் இதுதான்: பெரிய ஆலைகள் ஆண்டுக்கு ஒருமுறை சில நாட்கள் இயக்கத்தை நிறுத்தி, இயந்திரங்களைப் பிரித்துச் சீர்செய்யும். தொழிலாளர் வழக்கில் இதற்கு ஷட்டவுன் என்று பெயர். அந்தச் சில நாட்களில் நூற்றுக்கணக்கான பணிகள் இரவு பகலாக நடக்கும். ஆலை ஒருநாள் கூடுதலாக நின்றாலும் பெரும் இழப்பு. சீர்கேட்டோடு ஒருமணி நேரம் முன்னதாக ஓடினாலோ அதைவிடப் பெரும் இழப்பு.

இப்பணிகளைக் கணிப்பொறியில் இரண்டு படிகளாக எழுதுகிறோம். 'மூன்றாம் பம்பைச் செப்பனிடல்' என்பது மேற்பணி. சாரம் கட்டல், குழாயில் தடைத்தகடு செருகல், பம்பைப் பிரித்தல், உறுப்பு மாற்றல், மீண்டும் பூட்டல், தடைத்தகட்டை நீக்கல், சாரம் அவிழ்த்தல் என்பன அதன்கீழ் வரும் பணிகள். மென்பொருளில் மேலதைப் பேரன்ட் என்றும் கீழதைச் சைல்டு என்றும் குறிப்பார்கள். தமிழ் படித்தவன் ஆகையால் என் குறிப்புகளில் தாய்ப்பணி, சேய்ப்பணி என்று எழுதிவந்தேன். நாளடைவில் அலுவலகத்தில் மற்றவர்களும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை தொடங்குவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது அவ்வாறான ஒரு ஷட்டவுன் நடந்தது. தாய்ப்பணிகள் 43, அவற்றின்கீழ்ச் சேய்ப்பணிகள் 600க்கும் மேல். கடைசி நாள் இரவு. விடியற்காலை நான்கு மணிக்கு ஆலையை ஓட்டத் தொடங்குவது என்று முடிவாகியிருந்தது. இரவு பதினோரு மணியளவில் முதிய ஃபிட்டர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். திருவொற்றியூர்க்காரர், அறுபது வயதை நெருங்கியவர். கையில் எங்கள் அலுவலகத்திலேயே அச்சடித்துக் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'தடைத்தகடு நீக்கல் - எண் 417' என்று மட்டுமே இருந்தது.

'சார், இது எந்தப் பம்புக்கு? அங்க மூணு பம்பு நிக்குது. மூணையும் பூட்டியாச்சுன்றாங்க.'

'உட்காருங்கண்ணே, பார்த்துச் சொல்றேன்' என்று கூறிவிட்டு எண்ணைத் தட்டினேன். 417 என்பது மூன்றாம் பம்பின் சேய்ப்பணி. அதன் தாய்ப்பணியைத் திறந்தேன். திரையில் அது பச்சை நிறத்தில், 'முடிந்தது' என்று நின்றது. அதற்குப் பச்சை போட்டவர் யார் என்று பார்க்க வேண்டிய தேவையே இல்லை. மாலையில் மேற்பார்வையாளர் தொலைபேசியில் 'பம்பு வேலை முடிஞ்சிடுச்சு' என்று சொன்னதும் நானேதான் போட்டேன். பம்பைப் பூட்டும் வேலை முடிந்தது என்ற பொருளில் அவர் சொன்னார். தாய்ப்பணி முழுவதும் முடிந்தது என்று நான் கொண்டேன். தகட்டை நீக்குவது வேறொரு குழுவின் வேலை. அது அவர் கணக்கில் இல்லை.

தடைத்தகடு என்பது என்ன என்று இங்கே சொல்ல வேண்டும். பம்பைப் பிரிக்கும்போது குழாயில் உள்ள எண்ணெய் வேலை செய்பவர் மேல் பாய்ந்துவிடாமல் இருக்க, குழாயின் இணைப்புத் தட்டுகளுக்கு இடையே ஓர் இரும்புத் தகட்டைச் செருகி அடைத்துவிடுவார்கள். தொழிலாளர் இதனைப் பிளைண்டு என்பர். வேலை முடிந்ததும் அதனை எடுத்தாக வேண்டும். எடுக்காமல் பம்பை ஓட்டினால் எண்ணெய் வெளியேற வழியின்றிப் பம்புக்குள்ளேயே சுழன்று கொதிக்கும். அடைப்பு நைந்து, அருகில் நிற்பவர் மேல் சூடான எண்ணெய் பீறிட்டு அடிக்கும். நான்கு மணிக்குப் பம்பின் அருகில் நிற்கப் போகிறவர்கள் யார் யார் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களுடைய வருகைச் சீட்டையும் நானே எழுதியிருந்தேன்.

ஃபிட்டரை உடனே மூன்றாம் பம்புக்கு அனுப்பினேன். முறைப் பொறுப்பாளருக்கும் தொலைபேசியில் சொன்னேன். அதன்பின்தான் உள்ளங்கை வியர்த்தது. இவர் கேட்டு வந்ததால் ஒன்று தெரிந்தது. கேட்டு வராதவை எத்தனை? சேய்ப்பணி முடியாமலிருக்க, 'முடிந்தது' என்று நான் மூடிவிட்ட தாய்ப்பணிகள் வேறு எவை?

மென்பொருளின் தேடல் பெட்டியில் இதைக் கேட்க முயன்றேன். ஒரு தாய்ப்பணியின் எண்ணைக் கொடுத்தால் அதன் சேய்ப்பணிகளை வரிசையாகத் தந்தது. முடியாத சேய்ப்பணிகளைக் கேட்டால் அவற்றையும் தந்தது. 'முடியாத சேய்ப்பணி உடைய தாய்ப்பணிகளைக் காட்டு' என்று கேட்கத்தான் வழியில்லை. 43 தாய்ப்பணிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம், அதற்குள் விடிந்துவிடும். என் கையில் இருந்தது முதல் ஏடு மட்டுமே. தந்தையார் இரவு உணவுக்குப் பின் எழுதிய இரண்டாம் ஏட்டை நான் எழுதியிருக்கவில்லை.

ஆனால் ஒரு வழி இருந்தது. சேய்ப்பணிகளின் பட்டியலை விரிதாளில் இறக்கியபோது, ஒவ்வொரு வரியிலும் 'மேற்பணி எண்' என்று ஒரு பத்தி இருப்பதைக் கண்டேன். பிள்ளை தன் தாயின் பெயரைச் சுமந்துகொண்டுதான் இருந்தது. நாங்கள்தான் அதைத் துண்டுச் சீட்டில் அச்சிடாமல் விட்டிருந்தோம். முடியாத சேய்ப்பணிகளை மட்டும் வடித்தெடுத்தேன், 61 வரிகள். அவற்றின் மேற்பணி எண்களை மட்டும் தனியே எடுத்து, திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கினேன், 19 எண்கள். அந்த 19இல் 'முடிந்தது' என்று மூடப்பட்டவை எவை என்று தாய்ப்பணிப் பட்டியலோடு ஒப்பிட்டேன். மூன்று வந்தன. ஒன்று, அந்தப் பம்பு. மற்றொன்று, ஒரு கன்வேயர் பட்டையின் ஓரத்தில் காப்பு வலையை மீண்டும் பொருத்தும் வேலை. மூன்றாவது, ஒரு தொட்டியின்மேல் எண் எழுதும் வேலை. எண் எழுதாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வலை இல்லாத பட்டையில் ஒருவனுடைய கை சிக்கினால் சிக்கியதுதான். மூன்றும் கணிப்பொறியின் பார்வையில் ஒன்றே. மூன்று வரிகள், அவ்வளவுதான். எது எத்தன்மையது என்று அறிய மனிதன் ஒருவன் அதை வாசிக்க வேண்டியிருந்தது.

ஆலை நான்கு மணிக்கு ஓடவில்லை, நண்பகலில் ஓடியது. காலைக் கூட்டத்தில் தாமதத்துக்குக் காரணம் கேட்கப்பட்டது. 'பச்சை போட்டது யார்?' என்ற கேள்வி எழுந்தபோது, மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. 'நான்தான்' என்றேன். அன்று கேட்ட சொற்களை இங்கு எழுத வேண்டியதில்லை. கூட்டம் முடிந்து திரும்பியபோது என் மேசைமேல் தகட்டில் கட்டியிருந்த அடையாளச் சீட்டு இருந்தது. ஃபிட்டர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எண்ணெய்க் கறையோடு அதனை இன்றும் வைத்திருக்கிறேன்.

அதன்பின் இந்தத் தேடலை நாள்தோறும் செய்யும் முறையாக அமைக்க முற்பட்டேன். எளிது என்று நினைத்தேன், அங்கேயும் வழுக்கினேன். 'சேய்ப்பணி முடிந்த தாய்ப்பணிகள்' என்று கேட்டால், ஒரே ஒரு சேய்ப்பணி முடிந்திருந்தாலும் அந்தத் தாய்ப்பணி பட்டியலில் வந்து நிற்கிறது. எனக்கு வேண்டியதோ 'எல்லாச் சேய்ப்பணிகளும் முடிந்த' தாய்ப்பணி. 'ஒன்றேனும்' என்பதற்கும் 'எல்லாம்' என்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தமிழ் மாணவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? உம்மையின் எட்டுப் பொருள்களில் முற்றும்மை ஒன்று என்று படித்தவர்கள்தாமே நாம். அந்த முற்றும்மையே சில இடங்களில் எச்சப்பொருள் தரும் என்பதும் நன்னூல் சொல்வதுதான். 'எல்லா வேலையும் முடியவில்லை' என்று ஒருவர் சொன்னால், ஒன்றுமே முடியவில்லை என்றும் கொள்ளலாம். சில முடிந்தன, சில எஞ்சின என்றும் கொள்ளலாம். தொலைபேசியில் நாள்தோறும் இதைக் கேட்கிறோம். கணிப்பொறியில் ஒருபொருளாகத் தட்டிவிடுகிறோம். கணிப்பொறிக்கு இந்த மயக்கம் ஆகாது. ஆகையால் எல்லாம் முடிந்ததா என்று அறிய, 'முடியாத சேய்ப்பணி ஒன்றேனும் உண்டா?' என்று எதிர்மறையாகக் கேட்டு, 'இல்லை' என்ற விடை வரும் தாய்ப்பணிகளை மட்டும் எடுக்க வேண்டும்.

அப்படிக் கேட்டபோது வேறொரு வழு வந்தது. சேய்ப்பணியே எழுதப்படாத தாய்ப்பணியிலும் 'முடியாத சேய்ப்பணி' இல்லைதானே! ஆகவே, யாரும் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்காத பணி முழுவதும் முடிந்தவற்றோடு சேர்ந்து வந்து நின்றது. 'சேய்ப்பணி ஒன்றேனும் உடையது' என்ற நிபந்தனையையும் சேர்த்த பிறகே அது விலகியது. இன்னொன்றும் கண்டேன். 'தடைத்தகடு பற்றிய சேய்ப்பணி உடையது. முடியாத சேய்ப்பணி உடையது' என்று இரண்டாகக் கேட்டால், தகடு நீக்கப்பட்டு வண்ணம் பூசுவது மட்டும் எஞ்சிய பணியும் வருகிறது. இரண்டு தன்மையும் ஒரே பிள்ளையிடம் இருக்க வேண்டும் என்று சொன்னால்தான் வேண்டியது மட்டும் வரும். படிகள் இரண்டுக்கு மேல் இருந்தாலோ, பேரனைக் கொண்டு மகனையும் மகனைக் கொண்டு பாட்டனையும் காண்பதுபோல இதே தேடலைப் படிதோறும் திரும்பச் செய்ய வேண்டும்.

இந்த இடர்ப்பாடு எனக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். நிலாவுக்கு மனிதரை அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் எண்ணற்ற உறுப்புகளின் பட்டியலை ஆள்வதற்காக ஐ.பி.எம். நிறுவனம் 1960களில் ஐ.எம்.எஸ். என்னும் தரவுத்தள முறையை உருவாக்கியது. அது மரத்தைப் போன்றது. வேரிலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து இலைக்கும் செல்வது அதில் இயல்பான வழி. இலையைக் கொடுத்துக் கிளையைக் கேட்பதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். அதே நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். தரவுகளை மரமாக அல்லாமல் அட்டவணைகளாக வைத்து, பொதுவான எண்களால் ஒன்றோடொன்று பொருத்தினால் எந்தத் திசையிலிருந்தும் வினவலாம் என்பது அதன் சாரம். ஒவ்வொரு வரியும் தன் தாயின் எண்ணைச் சுமந்திருப்பது இந்த முறையில்தான். என் தந்தையார் அக்கட்டுரையைக் கண்டதில்லை. ஆயினும் அவருடைய இரண்டு ஏடுகளும் அக்கருத்தையே திண்ணையில் அமர்ந்து செயற்படுத்தின.

இன்று உலகெங்கும் மென்பொருள் அலுவலகங்களில் வழங்கும் ஜிரா என்னும் பணித்தொடர் மென்பொருள், ஆஸ்திரேலிய நிறுவனமான அட்லாசியனால் 2002இல் வெளியிடப்பெற்றது. அதிலும் தாய்ப்பணியின் எண்ணைக் கொடுத்துச் சேய்ப்பணிகளைப் பெறுவது எளிது. சேய்ப்பணியின் தன்மையைச் சொல்லித் தாய்ப்பணிகளைப் பெறுவதற்கு ஸ்கிரிப்ட்ரன்னர் போன்ற துணைநிரல்களையே பயனர்கள் நெடுங்காலம் நாடி வந்தனர். மேலிருந்து கீழே பார்ப்பவரின் தேவையே பெரும்பாலும் முதலில் நினைக்கப்படுகிறது என்பதை இதுவும் காட்டுகிறது.

எங்கள் வட்டாரத்துக்கு இது புதிய செய்தியும் அன்று. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்ற வண்டித் தொழிற்சாலை எண்ணூரில் இருக்கிறது. 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா மோட்டார் சைக்கிள் செய்த இடம் திருவொற்றியூர். வண்டி செய்யும் எந்த ஆலையிலும் இரண்டு கேள்விகள் உண்டு. இந்த வண்டிக்கு எந்தெந்த உறுப்புகள் வேண்டும் என்பது ஒன்று. இந்தத் திருகாணி எந்தெந்த வண்டியில் இருக்கிறது என்பது மற்றொன்று. திருகாணி ஒன்று தரமற்றது என்று தெரிந்த நாளில் இரண்டாம் கேள்விக்கு விடை இல்லாவிட்டால், ஏற்கெனவே சாலையில் ஓடும் வண்டிகளில் எவற்றைத் திரும்ப அழைப்பது?

இக்கேள்விக்கு நேரத்தில் விடை கிட்டாததால் நேர்ந்த பெருங்கேடு ஒன்றைப் பற்றிப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்னும் எண்ணெய் எடுப்பு மேடை இருந்தது. 1988 ஜூலை 6ஆம் நாள் அங்கே ஒரு பம்பின் அழுத்தக் காப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. திறந்திருந்த குழாய்முனையைத் தற்காலிகத் தட்டு ஒன்றால் மூடிவைத்தார்கள். அந்த வால்வுக்கு ஓர் அனுமதிச் சீட்டு. அதே பம்பைப் பெரிய அளவில் செப்பனிடுவதற்கு வேறோர் அனுமதிச் சீட்டு. ஒன்றில் மற்றொன்றைப் பற்றிய குறிப்பு இல்லை. இரவு பத்து மணியை நெருங்கும் நேரத்தில் மற்றொரு பம்பு நின்றுபோகவே, இந்தப் பம்பை ஓட்டலாமா என்று பார்த்தார்கள். பெரிய வேலைக்கான சீட்டு தெரிந்தது. அவ்வேலை இன்னும் தொடங்கவில்லை. ஆகவே ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள். வால்வின் சீட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. பம்பு ஓடியது, தட்டின் வழியே கசிந்த வாயு வெடித்தது. 167 பேர் மாண்டனர். நீதிபதி கல்லன் பிரபு நடத்திய விசாரணையின் அறிக்கை 1990இல் வெளிவந்தது; அதன் 106 பரிந்துரைகள் அத்தொழிலின் பாதுகாப்பு முறைகளையே மாற்றின.

அந்த மேடையின் பம்புக்கும் எங்கள் மூன்றாம் பம்புக்கும் அளவிலே ஒப்புமை இல்லை. ஆனால் அங்கே இருந்த இரண்டு சீட்டுகளையும் என் திரையில் இருந்த இரண்டு வரிகளையும் எண்ணிப் பார்க்கும்போது இடையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு முதியவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'இது எந்தப் பம்புக்கு?' என்று கேட்டார். தெரிந்ததுபோல நடந்துகொள்ளாமல், தெரியாததைக் கேட்பதற்காக இரவு பதினோரு மணிக்கு அரை மைல் நடந்து வந்தார்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் மூன்று வழக்கங்கள் நிலைத்துவிட்டன. சேய்ப்பணிச் சீட்டு ஒவ்வொன்றிலும் தாய்ப்பணியின் பெயரும் எண்ணும் பெரிய எழுத்தில் அச்சாகும். தாய்ப்பணியை யாரும் தொலைபேசிச் சொல்லைக் கேட்டு மூடுவதில்லை. அதன் சேய்ப்பணிகள் அனைத்தும் மூடப்பட்ட பிறகே மூடுவர். நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு, மூடிய தாய்ப்பணிகளில் திறந்த சேய்ப்பணி ஒன்றேனும் உண்டா என்ற தேடல் நடக்கும். விடை 'இல்லை' என்று வந்தாலும் அதனைத் தாளில் அச்சிட்டு ஒருவர் கையொப்பமிட வேண்டும். இந்த மூன்றையும் எழுதித் தந்தவன் நானே. 'இவ்வளவு தெளிவாக எழுத எங்கே கற்றீர்கள்?' என்று பொறியாளர் ஒருவர் கேட்டார். 'பி.ஏ. தமிழ்' என்றேன். அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

வேடிக்கையன்று என்பதை இம்மலரை வாசிக்கும் மாணவர்கள் அறிவார்கள். தமிழ் படித்தவனுக்குத் தொழில் உலகில் என்ன வேலை என்று உங்களையும் யாரேனும் கேட்கக்கூடும். பகுபதத்தைப் பிரிக்கத் தெரிந்தவன் பிள்ளையைக் கொண்டு தாயைக் காண்பான். முற்றும்மையையும் எச்சவும்மையையும் பிரித்தறிபவன் 'எல்லாம் முடிந்தது' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்பிவிடமாட்டான் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். நானோ அதைப் படித்திருந்தும் ஒரு மாலையில் மறந்தேன். அந்த மறதியின் விலையை மற்றவர் கொடுக்காமல் போனது என் திறமையால் அன்று.

கரும்பலகையில் 'வந்தனன்' எழுதிய பேராசிரியர் இன்று இல்லை. தந்தையாரும் இல்லை, இரண்டாம் ஏடு மட்டும் மை மங்கி என் அலமாரியில் இருக்கிறது. தகட்டின் அடையாளச் சீட்டை அதன் பக்கங்களுக்கு இடையே வைத்திருக்கிறேன். இக்கட்டுரையை எழுத வாய்ப்பளித்த தமிழ்த்துறைக்கு என் நன்றி உரியது. அதைவிடப் பெரிய நன்றி திருவொற்றியூர் ஃபிட்டருக்கு உரியது. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அன்று அவருக்கு நேரில் நன்றி சொல்லவில்லை என்ற குறை இன்னும் எனக்கு இருக்கிறது.